இரண்டடிக் கடல்

ரெட்டியார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு பவளத் தொட்டி வைக்க என்ன கஷ்டம், நாலு குடம் தண்ணீரும் ஒரு கூடைப் பவளமும் அள்ளிவந்தால் முடிந்தது என்று தோன்றும். இரண்டுமே சரிப்படாது. தண்ணீர் ஏன் சரிப்படாது என்பது கொஞ்சம் நீண்ட கதை. பவளம் ஏன் சரிப்படாது என்பது சின்னக் கதை: புதுச்சேரிக் கடலில் பவளத்திட்டு கிடையாது. இருக்கிற இடத்திலிருந்து எடுத்து வந்தால் ஜெயில்.

திட்டு கட்டும் பவளத்துக்குத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். தென்பெண்ணையும் சங்கராபரணியும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், ஐப்பசி கார்த்திகையில் நன்னீர் கலந்து உப்புக் குறையும் இந்தக் கரை அதற்குத் தோதுப்படாது. பவளத்தைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே, ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் அங்கே பவளத்தை வெட்டி, வள்ளம் வள்ளமாக ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அரணாக இருந்த திட்டு போனதும் அலை நேராகத் தீவில் மோதியது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன.

2001இல் கல் போன்ற கூடு கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும், கடல் விசிறி, கருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை இவற்றோடு சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. உயிரோடு இருக்கும் பவளம், செத்த பவளம் என்ற வித்தியாசம் இல்லை. ஷோகேஸில் வைக்கிற துண்டும் குற்றம்தான்.

இதனால் முதல் தொட்டி வைக்கிறவருக்கு ஒரு விசித்திரமான நிலைமை. வெளிநாட்டுப் புத்தகமோ வீடியோவோ எதைப் பார்த்தாலும், முதலில் கடலிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' பத்துக் கிலோ போடுங்கள் என்றுதான் ஆரம்பிக்கும். உயிர்கள் அப்பிய பழைய பவளக் கூடு அது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961இல் இந்த வழியை எழுதி உலகுக்குச் சொன்னார். கடல்நீர், கடற்பாறை, மெல்லிய காற்றுக் குமிழி, அவ்வளவுதான் அவருடைய கருவிகள். நம்மூரில் அந்த முதல் படியே கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பவளத்தை எடுத்துவிட்டால் தொட்டியில் மிஞ்சுவது தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும். தொட்டி ஓடுவதே அவற்றால்தான். பளபளப்பான சரக்கு கையில் இல்லாததால் அவற்றைக் கவனிக்காமல் தப்பிக்க வழியில்லை.

முதலில் கல். வெள்ளை சிமெண்ட், கிளிஞ்சல் துருவல் அல்லது பெருமணல், கல் உப்பு மூன்றையும் பிசைந்து கையால் உருட்டிக் காயவைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது ஒரு வழி. உப்பு கரைந்து போன இடமெல்லாம் ஓட்டையாகிக் கல் பஞ்சு மாதிரி ஆகும். அந்த ஓட்டைகளின் உள்சுவரில்தான் பின்னால் குடித்தனம் வரப்போகிறது. அவசரப்படக் கூடாது. புது சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். வாரக் கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, காரம் அடங்கிய பிறகே தொட்டிக்குள் வைக்கலாம்.

சிமெண்டைச் சொன்னதும் கல்லக்குடி ஞாபகத்துக்கு வருகிறது. டால்மியாபுரம் என்ற பெயர்ப்பலகையை எதிர்த்து 1953இல் போராட்டக்காரர்கள் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்த அந்தக் கல்லக்குடிதான். அங்கே சிமெண்டுக்காக வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி, 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது பவளமும் பாசியும் கட்டிய திட்டு. நிலவியலாளர்கள் அதைப் பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல் என்றே குறித்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கே அருகில் வழுதாவூர்ப் பக்கத்து மண்ணில் கிடைத்த கடற்சங்குப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து எழுதினார். ஆக, பவளத்திட்டு தேடி ராமேஸ்வரம் போக வேண்டியதில்லை. தரைக்கு அடியில் நம்மிடம் நிறைய இருக்கிறது. புதுச்சேரிக் கடலில் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர்கள் கான்கிரீட்டையும் இரும்பையும் இறக்கி உண்டாக்கிய 'டெம்பிள் ரீஃப்' இருக்கிறது. மீன்கள் கூட்டம் கூட்டமாக அதில் குடியேறியிருக்கின்றன. கல் எங்கே பிறந்தது என்று மீன் கேட்பதில்லை.

இனித் தண்ணீர்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கண்ணாடிக் கடையில் ஒட்டித் தருகிற தொட்டி 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் பிடிக்கிற இடம் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம், குவியல் குவியலாக உப்பு. கிலோ பத்து இருபது ரூபாய் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா?

ஆகாது. ஏன் என்பதை உப்பளமே காட்டும். உப்புநீரைப் பாத்தியில் வெயிலில் காயவிடும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு பிரியும். நீர் மூன்று நான்கு மடங்கு கெட்டியானதும் ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு பூக்க ஆரம்பிக்கும். அதை வாரி எடுத்தபின் மிஞ்சும் கசப்பான நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் நிற்கும். அதைக் கொட்டிவிடுவார்கள். சாப்பாட்டு உப்புக்கு அதுதான் நல்ல வேலை, கசப்பு சேராது. ஆனால் கடலின் வரிசையில் முன்னால் வந்த கால்சியமும் பின்னால் நின்ற மக்னீசியமும் இரண்டுமே போய்விட்டன. கடல் உயிர்களுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும், 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியம் வேண்டும். மரக்காணத்து உப்பில் மீனைப் போட்டால் கொஞ்ச நேரம் நீந்தும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்த உப்பைக் கல் பிசைய வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கடலிலிருந்தே எடுக்கலாமே? எடுக்கலாம், வைகாசியில் எடுத்த தண்ணீரும் கார்த்திகையில் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டு. மழைக்காலத்தில் கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரை, அக்டோபர் முதல் கரையோரமாக ஒரு நீரோட்டம் தெற்கே இழுத்து வருகிறது. நம் மழையும் அதோடு சேர்கிறது. அப்போது புதுச்சேரிக் கரையில் கடலின் மேல்மட்டம் உப்புக் குறைந்து கிடக்கும். கரையோர நீரில் ஊரின் சாக்கடையும் கலந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெளிந்த நீர் வேண்டுமானால் படகில் நெடுந்தூரம் போய் எடுக்க வேண்டும். ஐம்பது லிட்டருக்கு யார் போவார்கள்?

எனவே பெரும்பாலோர் பாக்கெட்டில் வரும் செயற்கைக் கடலுப்பைத்தான் கரைக்கிறார்கள். லிட்டருக்கு 38 கிராம் வாக்கில், நம் தொட்டிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ. அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பயணம் இருக்கிறது. 1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி நீர் சேகரித்து வந்தது. கிளாஸ்கோவில் வில்லியம் டிட்மார் அதில் 77 மாதிரிகளைப் பொறுமையாகப் பகுத்து 1884இல் முடிவைச் சொன்னார்: உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது, அதற்குள் இருக்கும் பொருள்களின் விகிதம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. அட்லாண்டிக்கிலும் வங்கக் கடலிலும் குளோரைடு நூற்றுக்கு 55, சோடியம் 30 சொச்சம், சல்ஃபேட் ஏழெட்டு, மக்னீசியம் மூன்றேமுக்கால். இந்த ஒரு உண்மை இருப்பதால்தான் கடலுப்பைத் தொழிற்சாலையில் கலக்க முடிகிறது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து 35 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறது.

கரைக்கும் தண்ணீர் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. அதன் கடினத்தன்மை, சிலிகா, பைப்பிலிருந்து வரும் தாமிரம் எல்லாம் தொட்டியில் தங்கிவிடும், தாமிரம் இறாலைக் கொன்றுவிடும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, அதையும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிட்டுத்தான். சுவைக்காக உப்புச் சத்தைத் திரும்பச் சேர்க்கிற மெஷின் என்றால் அந்தக் குழாயிலிருந்து பிடிக்காதீர்கள்.

கல் வைத்தாயிற்று, தண்ணீர் நிரப்பியாயிற்று, பம்ப் ஓடுகிறது. தண்ணீர் பளிங்கு. வீட்டுப் பிள்ளைகள் மீன் எப்போது என்று கேட்பார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து என்று சொல்லுங்கள். அதுவரை தொட்டிக்குள் போடுவது ஒரு பச்சை இறால்தான், அதுவும் அழுகுவதற்காக.

மீன் உள்ள தண்ணீரில் அமோனியா சேர்ந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் செவுள் வழியாக விடுகிறது, மிஞ்சிய இரை அழுகி அதைத் தருகிறது. நல்ல தண்ணீர்த் தொட்டியை விடக் கடல்நீர்த் தொட்டியில் அமோனியாவுக்கு விஷம் அதிகம். காரணம் காரத்தன்மை. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது, ஒன்று மின்னூட்டம் பெற்றது, அதனால் பெரிய கெடுதல் இல்லை. மற்றது வாயுவாகவே இருப்பது, செவுளுக்குள் நேராகப் புகுந்துவிடும். பிஎச் 7 உள்ள நல்ல தண்ணீரில் வாயு வடிவம் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. பிஎச் 8.2 உள்ள வெதுவெதுப்பான கடல்நீரில் ஏழெட்டு ஆகிவிடும். ஒரே அளவு அமோனியா, பத்து மடங்குக்கு மேல் கொடுமை.

இதைத் தின்பவர்கள் வந்து குடியேற வேண்டும். அழுகும் இறால் அவர்களுக்கு வைத்த விருந்து. டெஸ்ட் கிட்டின் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கிப் பாருங்கள். முதல் வாரம் அமோனியா குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும், நாளுக்கு நாள் கரும்பச்சை. ஒரு நாள் அந்தப் பச்சை வெளிறும். அதே சமயம் நைட்ரைட் குழாயில் நீலம் மாறிக் கத்தரிப்பூ நிறம் ஏறும். அமோனியா போய் நைட்ரைட் வந்திருக்கிறது, அதுவும் விஷம்தான். பிறகு அந்த ஊதாவும் கலைந்து, மூன்றாவது குழாயில் நைட்ரேட்டுக்கான ஆரஞ்சு தெரியும். இது அவ்வளவாகத் தீங்கில்லாதது, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். தொட்டிக்குள் பார்த்தால் ஒரு மாதமாக எதுவும் நடக்கவில்லை. குழாய்களைப் பார்த்தவருக்கு இரண்டு குடித்தனங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கியது தெரியும்.

இந்த வேலையைச் செய்வது யார் என்ற கேள்விக்கு 1890 வாக்கில் செர்ஜி வினோகிராட்ஸ்கி பதில் சொன்னார். கரிமப் பொருள் எதுவும் தேவைப்படாமல், அமோனியாவை எரித்தே பிழைக்கும் பாக்டீரியாக்களை அவர் பிரித்துக் காட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் பாடப் புத்தகத்தில் அதுதான் விடை. பிறகு 2005இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கல்லை எடுத்துப்போய், அதில் ஒட்டியிருந்ததை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கிய அந்த உயிர் பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற வேறு பரம்பரையைச் சேர்ந்தது. வெந்நீர் ஊற்றிலும் உப்பேரியிலும் வாழும் முரட்டு ஜீவன்கள் என்று அதுவரை பெயர் வாங்கியிருந்த கூட்டம். அதற்கு நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் அடுக்கலாம், அவ்வளவு சிறிது.

இதில் என்னைத் திகைக்கவைப்பது அதன் சிறுமை அன்று. அதன் உறவினர்கள் ஆழ்கடல் முழுக்க இருக்கிறார்கள். உலகில் மிக அதிகமாக உள்ள உயிர்வகைகளில் அது ஒன்று. கடலின் நைட்ரஜன் கணக்கில் பெரும்பங்கு அதன் கையில். கப்பல் கப்பலாகப் போய்க் கடல் தண்ணீரை அள்ளியவர்களின் ஆய்வகத்தில் வளர மறுத்தது. மீன் தொட்டியின் அழுக்குச் சரளையில் வளர்ந்து நின்றது. காரணம் யோசித்தால் புரிகிறது. தொட்டியில் மீன் இருக்கிறது, அமோனியா விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது, ஒட்டிக்கொள்ளக் கல் இருக்கிறது. அந்த உயிருக்கு வேண்டியதை மீன் வளர்ப்பவர்கள் தெரியாமலே வருஷக் கணக்கில் செய்து கொடுத்திருக்கிறார்கள். ரெட்டியார்பாளையத்துத் தொட்டியிலும் அதன் சொந்தக்காரர்கள் வந்து சேர வாய்ப்பு உண்டு. அழைப்பிதழ் அந்த இறால்.

இதே காலத்தில் கல்லும் கண்ணாடியும் பழுப்பாகும். டயாட்டம் பாசி, சிலிகா தீர்ந்ததும் தானே போய்விடும். பிறகு பச்சை. சுரண்டிக்கொண்டிருக்காதீர்கள், பின்னால் நத்தை விட்டால் அது பார்த்துக்கொள்ளும்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழமாகப் போடாதீர்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறைக் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறிய விஷவாயுவால் மூன்று பேர் இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று அப்போது பேசப்பட்டது. ஆழமான மணலின் அடியைப் போல ஆக்சிஜன் எட்டாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து அந்த வாயுவை வெளிவிடுகின்றன. கடல்நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு சின்னத் தொட்டியில் உண்டாகும் அளவு வீட்டுக்காரர்களை ஒன்றும் செய்யாது. மணல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மீனுக்கு அது போதும்.

புதுச்சேரியில் கடல் தொட்டியின் உண்மையான எதிரி சித்திரை, வைகாசி. தொட்டிக்கு 25இலிருந்து 27 டிகிரி நல்லது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் அது எளிதாக 32ஐத் தாண்டும். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010இலும் 2016இலும் வெளிறிப்போனதும் சூட்டால்தான். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து வெயிலில் சமைத்துப் போடும் ஒற்றைச் செல் பாசிகள் சூட்டில் தடுமாறி நஞ்சைக் கக்க ஆரம்பிக்கின்றன, பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டுப் பட்டினி கிடக்கிறது. தொட்டியில் பின்னால் வைக்கப்போகும் மென்பவளத்துக்கும் அதே கதிதான்.

கையில் உள்ள மலிவான வைத்தியம் ஒரு சின்ன மின்விசிறி. தண்ணீர்ப் பரப்பில் காற்று படும்படி வையுங்கள். 100 மில்லி நீர் ஆவியானால் 50 லிட்டரை ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகக் குளிர்விக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீரின் ரகசியமே இதுதான். ஆனால் நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்த காற்று. கசகசக்கிற நாளில் விசிறி எவ்வளவு சுற்றினாலும் 28, 29க்குக் கீழே இறங்குவது கஷ்டம். அதற்கு மேல் வேண்டுமானால் ஏ.சி. அறை, இல்லாவிட்டால் தொட்டியை விட அதிக விலைக்கு ஒரு சில்லர்.

ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். விசிறியால் தினம் ஒரு லிட்டர் போனால் ஒரு வாரத்தில் 35 என்று இருந்த உப்பு 40ஐத் தாண்டிவிடும். குறைந்த மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடலுப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் தொட்டியில் ஒரு குட்டி மரக்காணம் உருவாகிக்கொண்டிருக்கும். ஊற்ற வேண்டியது வெறும் ஆர்.ஓ. தண்ணீர், தினமும், கொஞ்சமாக.

சூட்டுக்கு அடுத்தது கரண்ட். 28 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் ஆறரை மில்லிகிராமுக்குள். நல்ல தண்ணீரில் இருப்பதை விடக் குறைவு. பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் மீன் திணறும், கல்லுக்குள் இருக்கும் குடித்தனக்காரர்களுக்கும் மூச்சு முட்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது. இங்கே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், ஆடம்பரத்தில் சேராது. அதுவும் இல்லையென்றால் அன்னா தின் என்ற பிரிட்டிஷ் பெண்மணியின் வழி இருக்கிறது. 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, மின்சாரமே வராத காலத்தில் வருஷக் கணக்கில் வளர்த்தவர் அவர். டீ மாஸ்டர் டீ ஆற்றுவது போல, வேலைக்காரப் பெண் தினமும் முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னலருகே நின்று கடல்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றினாள். புகழ் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்கிம்மர் என்ற கருவியை விற்பனையாளர்கள் வற்புறுத்துவார்கள். நுண்குமிழிகளின் மேல் கழிவு ஒட்டி நுரையாக மேலேறி ஒரு கோப்பையில் வழியும், அழகான ஏற்பாடு. கடல்நீரில்தான் இது நடக்கும். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாகவே நிற்கின்றன. உப்பு ஏன் குமிழிகளைச் சேரவிடுவதில்லை என்பதற்கு இயற்பியலில் இன்னும் ஒத்துக்கொள்ளப்பட்ட விடை இல்லை. ஐம்பது லிட்டருக்கு அது அவசியமும் இல்லை, வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் போதும்.

ஒரு வழியாக உயிர்களுக்கு வருவோம். கல் கூடு கட்டும் பவளம் கூடாது என்றால் எது கூடும்? அந்த அட்டவணையில் இல்லாத மென்மையான வகைகள் சில உண்டு. தோல் பவளம், காளான் பவளம், சோவாந்திட் என்று கடைக்காரர்கள் சொல்லும் பொத்தான் பவளம். எதுவானாலும் எங்கிருந்து வந்தது என்பதற்கு பில் கேளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும்.

காளான் பவளத்தின் பேரினப் பெயர் டிஸ்கோசோமா. நீல எல்.இ.டி. விளக்கின் கீழே சிவப்பாக ஒளிரும். 1999இல் மாஸ்கோவில் மிகயீல் மாட்ஸும் செர்கெய் லுக்யானோவும் அவர்கள் குழுவும் வீட்டுத் தொட்டியில் வளர்த்த பவளங்களிலிருந்து இந்த ஒளிர்வுக்குக் காரணமான புரதத்தின் மரபணுவைப் பிரித்தார்கள். அதற்கு முன் விஞ்ஞானிகளிடம் முக்கியமாக இருந்தது ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சையும் அதைத் திருத்தி உண்டாக்கிய நிறங்களும்தான், அந்தப் பச்சைக்கு 2008இல் வேதியியல் நோபல் கிடைத்தது. டிஸ்கோசோமா தந்த சிவப்பு வந்தபின் ஒரே செல்லுக்குள் இரண்டு விஷயங்களை இரு நிறத்தில் பிரித்துப் பார்ப்பது எளிதானது. இன்று புற்றுநோய் ஆய்விலும் மூளை ஆய்விலும் ஓடும் சிவப்புகள் பலவற்றின் பூர்வீகம் தேடிப்போனால் மாஸ்கோ பனிக்கு நடுவே யாரோ பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு தொட்டியில் போய் முடியும்.

பொத்தான் பவளத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் சில வகைகளில் பாலிடாக்சின் இருக்கிறது. 1971இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்டது, இயற்கையில் தெரிந்த கொடிய நஞ்சுகளில் ஒன்று. விரலில் கீறல் இருக்கும்போது அதை நறுக்கியோ, பிடிக்காத கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டு ஆவியைச் சுவாசித்தோ குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறை, கண்ணாடி. கல்லைக் கொதிக்க வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

மீன் என்றால் கோமாளி மீன்தான், அதுவும் பண்ணையில் பிறந்தது. சென்னைக் கொளத்தூரில் கேட்டால் இரண்டு வகையும் கிடைக்கும், கடலில் பிடித்ததும் பண்ணையில் பொரித்ததும். விலையில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் பின்னதை வாங்குங்கள், கையிலிருந்து இரை தின்னும், தொட்டியைத் தவிர வேறு உலகம் பார்க்காதது. இதற்குப் புதுச்சேரிக்காரர்கள் தெற்கே நன்றி சொல்ல வேண்டும். இங்கிருந்து கடலூர் வழியே போனால் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கேயும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறைகளை உருவாக்கினார்கள். கடலில் இவற்றுக்கு வீடாக இருக்கும் கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் தொட்டியில் இவை வாழும்.

சின்னதாக இரண்டு வாங்குங்கள், ஆண் எது பெண் எது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டாம், அவருக்கும் தெரியாது. கோமாளி மீன் எல்லாமே முதலில் பாலினம் முதிராமல்தான் வளரும். இரண்டில் பெரியது, சண்டையில் ஜெயித்தது, பெண்ணாகும். மற்றது ஆண். பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறும், திரும்பி மாறாது. ஒன்றரை இரண்டு வருஷத்தில், தொட்டி ஒழுங்காக இருந்தால், கல்லின் ஓரத்தையோ நீங்கள் வைத்த ஓட்டுத் துண்டையோ இரண்டும் சேர்ந்து வாயால் சுத்தம் செய்வதைப் பார்க்கலாம். அங்கே ஆரஞ்சு நிறத்தில் வரிசையாக முட்டை ஒட்டும். ஆண் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரியும், விளக்கை அணைத்த பிறகு பொரியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் குஞ்சுகள், இரைக்கு ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கு எட்டாத பூச்சி வேண்டும், ரோட்டிஃபருக்கு இரையாகப் பச்சைப் பாசி நீர் வேண்டும், பாசிக்கு வெளிச்சமும் ஜாடிகளும் வேண்டும். அதே தொட்டியில் விட்டால் விடிவதற்குள் தாய் தகப்பனே தின்றுவிடும். இரண்டாவது தொட்டிக்கு வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்பதை அதற்குள் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.